ஒரு ‘எ’ விட்டதால் வந்த வினை

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குச் சாப்பிட வா என்று ஆசையாகக் கூப்பிட்ட ஒரு அக்காவிடம், "வரமாட்டேன்" என்று முகத்துக்கு நேராக, அதுவும் பல்லைக் காட்டிக்கொண்டு சொல்லியிருக்கீங்களா? நான் சொல்லியிருக்கேன். போன ஜூலையில், துருக்கியின் புர்சா நகரத்தில், ஒரு துண்டு நெசவு ஆலையின் கேன்டீனில். நான் சொல்ல நினைச்சது "வர முடியாதுக்கா". வாயில் வந்தது "வரமாட்டேன்". இரண்டுக்கும் நடுவில் அந்த மொழியில் இருப்பது ஒரே ஒரு ‘எ’.

அந்த ‘எ’ வரைக்கும் போகணும்னா கொஞ்சம் பின்னாடியிருந்து ஆரம்பிக்கணும். பொறுத்துக்கோங்க மக்களே.

எனக்குச் சொந்த ஊர் சென்னிமலை. வீட்டில் நாலு தறி. பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். முதல் செமஸ்டர் வைவாவில் எக்ஸ்டர்னல் கேட்ட கேள்வி எனக்குப் புரிந்தது. பதிலும் தெரியும். முழு வாக்கியமாகத் தமிழில் தலைக்குள் நின்றது. அதை இங்கிலீஷில் சொல்ல வாயைத் திறந்தால், வாக்கியத்தின் கடைசியில் இருப்பதை முதலில் எடுக்க வேண்டியிருந்தது. கடைசியை எடுத்து முன்னால் வைப்பதற்குள் நடுவில் இருந்தது மறந்துபோனது. அவர் பத்து செகண்ட் பார்த்தார். "யூ டோன்ட் நோ?" என்றார். "நோ சார்" என்றேன். அன்னைக்குத் தப்பில்லாமல் வந்த ஒரே இங்கிலீஷ் வாக்கியம் அதுதான். அதுக்கப்புறம் ரொம்ப நாள், என் மூளை கொஞ்சம் மெதுவானது என்றே நம்பிக்கிட்டு இருந்தேன். இதைப் படிக்கிற சிலருக்கு இந்த இடம் நல்லாத் தெரிஞ்சிருக்கும்.

மூன்றாம் ஆண்டு முடிந்த லீவில் எட்டு வார இன்டர்ன்ஷிப். ஒரு மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் அப்ளை செய்திருந்தேன். ஜெர்மனி கேட்டேன், துருக்கி கிடைத்தது. புர்சா, உலுதா மலையின் அடிவாரத்தில் இருக்கும் பெரிய ஊர். ஒரு காலத்தில் ஒட்டோமான்களின் தலைநகரம். பட்டுக்குப் பேர் போனது. 1491-இல் கட்டிய கோஸா ஹான் என்ற பட்டுச் சந்தை இன்னும் கடைகளோடு நிற்கிறது. ‘கோஸா’ என்றால் பட்டுக்கூடு. இப்போது கார் தொழிற்சாலைகளும் ஜவுளி ஆலைகளும் நிறைந்த ஊர்.

போன முதல் நாளே நிலைமை தெளிவாகிவிட்டது. மாடியில் ஆபீஸில் இரண்டு பேருக்கு இங்கிலீஷ் வரும். கீழே தறிக்கூடத்தில் யாருக்கும் வராது. எனக்கு வேலை கீழே.

தறிக்கூடத்துக்குப் பொறுப்பானவருக்கு ஐம்பது வயசுக்கு மேல் இருக்கும். பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை, எல்லாருக்கும் ‘உஸ்தா’தான். நம்ம ஊரில் இசைக் கலைஞர்களை உஸ்தாத் என்கிறோமே, அதே பாரசீகச் சொல். அங்கே மேஸ்திரி, மெக்கானிக், கொத்தனார் எல்லாருமே உஸ்தா. அவர் என்னைப் பார்த்து உள்ளங்கையை அசைத்து "கெல்" என்றார். ‘கெஸ்ட்’ என்று சொல்லும்போது வரும் கெ. ‘வா’ என்று அர்த்தம். அதுதான் என் முதல் துருக்கி வினைச்சொல்.

ரெண்டு நாளில் அந்த ஒரு சொல்லை வைத்தே அவர் ஒரு பாடம் நடத்திவிட்டார். என்னைக் காட்டி "கெல்திம்" என்றார். தன் பக்கம் வந்து நின்ற பையனைக் காட்டி "கெல்தி". எங்க ரெண்டு பேரையும் சேர்த்துக் காட்டி, எங்கள் சார்பாக, "கெல்திக்". நான் நோட்டில் எழுதினேன். எழுதிவிட்டுப் பார்த்தால், பத்தாம் வகுப்பில் பகுபத உறுப்பிலக்கணம் எழுதின மாதிரியே இருந்தது. கெல் என்பது பகுதி. தி என்பது இறந்தகால இடைநிலை. ம் என்பது தன்மை ஒருமை விகுதி. கெல்-தி-ம். அப்படியே ‘வந்தேன்’. கெல்தின், வந்தாய். கெல்தினிஸ், வந்தீர்கள். கெல்திலெர், வந்தார்கள். ‘நான்’ என்று தனியாகச் சொல்ல வேண்டியதே இல்லை, விகுதியே சொல்லிவிடும். நம்மைப் போலவே.

நம்மை விட ஒரு படி சுலபம் என்றுகூடச் சொல்வேன். நாம் ‘வா’ என்று ஆரம்பித்து, வந்தேன் என்று ஒரு மாதிரி, வருவேன் என்று இன்னொரு மாதிரி வேரையே மாற்றுகிறோம். அங்கே கெல் பெரும்பாலும் அசையாது. கெலியோரும், வந்துகொண்டிருக்கிறேன். கெலெஜெயிம், வருவேன். எதிர்மறை வேண்டுமா? வேருக்குப் பக்கத்திலேயே ஒரு ‘மெ’ சொருகு. கெல்மெதிம், வரவில்லை. கேள்வி வேண்டுமா? கடைசியில் ‘மி’ போடு. கெல்தி மி? வந்தானா? இந்த ‘மி’ நம்ம ‘ஆ’ போலவே ஊர்சுற்றி. எந்தச் சொல்லில் சந்தேகமோ அங்கே போய் உட்காரும். ‘நீயா வந்தாய்?’ என்பதற்கு "சென் மி கெல்தின்?" இங்கிலீஷில் இந்த ஒரு ‘நீயா’வைச் சொல்ல எவ்வளவு சுத்த வேண்டியிருக்கு, யோசிச்சுப் பாருங்க.

இந்த இடத்தில் என் ஹாஸ்டல் ரூம்மேட்டைப் பற்றிச் சொல்லணும். அவன் கம்ப்யூட்டர் சயின்ஸ். டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் பரீட்சைக்கு முந்தின ராத்திரி இன்ஃபிக்ஸை போஸ்ட்ஃபிக்ஸாக மாற்றும் கணக்கைச் சுவரில் எழுதிப் போட்டுக்கொண்டிருந்தான். ‘ஏ பிளஸ் பி’ என்பதை ‘ஏ பி பிளஸ்’ என்று எழுதுவது. முதலில் பொருள்களை எல்லாம் ஸ்டாக்கில் அடுக்கு, கடைசியில் என்ன செய்வது என்பதைச் சொல். அப்போது எனக்கு அது வேற டிபார்ட்மென்ட்காரன் கஷ்டம். புர்சாவில் மூணாவது வாரம் ஒரு ராத்திரி, நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அது பளிச்சென்று வந்தது. தமிழ் போஸ்ட்ஃபிக்ஸ். துருக்கியும் போஸ்ட்ஃபிக்ஸ். யார், எங்கே, எதை, யாருக்கு எல்லாம் அடுக்கிவிட்டு, கடைசியில்தான் வினை.

அன்று காலை உஸ்தா என்னிடம் சொன்ன வாக்கியம் இது: "தூன் கெலென் உஸ்தானின் கெதிர்தியி இப்லியி தஹா கொர்மெதிம்." அப்படியே ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே தமிழ் எழுதினேன். நேற்று, வந்த, உஸ்தா, கொண்டுவந்த, நூலை, இன்னும், பார்க்கவில்லை. ஏழு சொல்லுக்கு ஏழு சொல். ஒன்றையும் இடம் மாற்றவில்லை. ‘நேற்று வந்த உஸ்தா கொண்டுவந்த நூலை இன்னும் பார்க்கவில்லை.’ இதையே இங்கிலீஷில் சொல்லணும்னா ‘நான் பார்க்கவில்லை’யில் ஆரம்பித்து, நூலுக்குப் போய், அங்கிருந்து கொண்டுவந்தவருக்குப் போய், கடைசியில் நேற்றில் முடிக்க வேண்டும். வாலிலிருந்து தலை வரை. வைவாவில் அந்தப் பத்து செகண்டில் நான் செய்துகொண்டிருந்தது அதுதான். மூளை மெதுவாக ஓடவில்லை. ரிவர்ஸ் கியரில் ஓடிக்கொண்டிருந்தது. அன்னைக்கு ரொம்ப நேரம் தூக்கம் வரலை.

மறுநாள் ரூம்மேட்டுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். "அப்போ தமிழும் துருக்கியும் சொந்தக்காரங்களா?" என்றான். இதே கேள்வி பெரிய ஆட்களுக்கும் வந்திருக்கு. கால்டுவெல் 1856-இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில், துருக்கி உள்ளிட்ட மொழிகளைச் ‘சித்திய’ மொழிகள் என்று சேர்த்து, திராவிட மொழிகளுக்கு அவற்றோடு உறவு உண்டு என்று வாதாடினார். இன்றைய மொழியியலாளர்கள் அதை ஏற்பதில்லை. சொந்தமில்லை, சாயல் மட்டும். ஜப்பானிய மொழிக்கும் கொரிய மொழிக்கும்கூட இந்த அடுக்குமுறை உண்டு. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவர் நம்ம சித்தப்பா மாதிரியே இருப்பாரே, அந்த மாதிரி.

சாயல் என்று தெரிந்ததால்தான் அடுத்து வழுக்கி விழுந்தேன். மேலே சொன்ன ஏழு சொல் வாக்கியத்தில் ‘வந்த’, ‘கொண்டுவந்த’ இரண்டும் நமக்கு ஒரே மாதிரிப் பெயரெச்சம். துருக்கியில் இரண்டும் வேறு. பெயரெச்சத்துக்குப் பின்னால் வரும் பெயர்தான் அந்த வேலையைச் செய்தது என்றால் ‘என்’ சேரும்: கெலென் உஸ்தா, வந்த உஸ்தா. அந்தப் பெயர் செய்யப்பட்ட பொருள் என்றால் ‘திக்’ என்ற வேறொரு விகுதி, அதன்மேல் யார் செய்தார் என்பதற்கு இன்னொரு விகுதி. நான் பார்த்த பையன் என்றால் "கொர்தூயூம் சோஜுக்". என்னைப் பார்த்த பையன் என்றால் "பெனி கொரென் சோஜுக்". தமிழில் மொட்டையாக ‘பார்த்த பையன்’ என்றால் யார் யாரைப் பார்த்தார்கள் என்று தெரியாது. துருக்கிக்காரர்களுக்கு அந்தச் சந்தேகமே வராது. இதைப் பழக எனக்கு முழுசா ரெண்டு வாரம் ஆச்சு. இதுவரைக்கும் சரியா வருதான்னு கேட்டீங்கன்னா, பேச்சை மாத்திடுவேன்.

பெயர்ச்சொல் பக்கம் வாங்க, அங்கே காத்து வாங்கலாம். வீடு என்பது எவ். வீட்டுக்கு, எவெ. வீட்டில், எவ்தெ. வீட்டிலிருந்து, எவ்தென். வீட்டை, எவி. வீட்டின், எவின். நம்ம வேற்றுமை உருபு மாதிரியே பின்னால் ஒட்டும். அவர்களுக்கு ‘வீடு’ ‘வீட்டு’ ஆகிற தொல்லையும், ‘மரம்’ ‘மரத்து’ ஆகிற தொல்லையும் கிடையாது. ஒட்டிக்கொண்டே போகலாம்: எவ்-லெர்-இமிஸ்-தெ-கி-லெர்-தென். ‘எங்கள் வீடுகளில் இருப்பவர்களிடமிருந்து’. ஒரே சொல். கோ-ஆப்டெக்ஸ் போர்வை மாதிரி நீளம்.

ஆனா ஒட்டுகிற ஒவ்வொரு பசையும் முன்னால் உள்ள உயிரெழுத்தைப் பார்த்து நிறம் மாறும். பன்மைக்கு எவ்லெர், ஆனால் கிதாப்லர். எட்டு உயிர்கள், நாக்கு முன்பக்கம் நிற்பவை நாலு, பின்பக்கம் நிற்பவை நாலு. கடைசி உயிர் முன்பக்கம் என்றால் லெர், பின்பக்கம் என்றால் லர். ‘என்’ என்ற பொருள் தரும் விகுதி இன்னும் மோசம், நாலு வேஷம் போடும். புத்தகத்தில் இதை அட்டவணையாக மனப்பாடம் பண்ணச் சொல்லியிருந்தார்கள். நான் பண்ணவில்லை. வாய்க்கு எது சுலபமோ அதுதான் சரியான விடை என்று ஒரு வாரத்தில் பிடிபட்டது. வாயே சோம்பேறித்தனத்தில் சரியாகச் சொல்லிவிடும்.

அந்த எட்டில் ரெண்டு மூணு நமக்குப் புதுசு. ‘இ’ என்று சொல்லிக்கொண்டே உதட்டை ‘உ’வுக்குக் குவிப்பது ஒன்று, ‘எ’ சொல்லிக்கொண்டே ‘ஒ’வுக்குக் குவிப்பது ஒன்று. மூன்றாவது, புள்ளி வைக்காத ‘ஐ’ எழுத்து. இங்கிலீஷ்காரர்கள் இதற்குத் திணறுவார்கள். நமக்கு அது வீட்டுச் சரக்கு: நம்ம குற்றியலுகரம். ‘பாட்டு’, ‘நாடு’ என்று சொல்லும்போது கடைசியில் உதடு குவியாமல் வருமே ஓர் அரைகுறை ‘உ’, கிட்டத்தட்ட அதேதான். ஊடை நூலுக்கு அங்கே ‘அத்கு’ என்று பெயர், எறி என்ற வினையிலிருந்து வந்தது. நான் முதல் தடவையே சரியாக உச்சரித்ததும் உஸ்தா பக்கத்துத் தறிக்காரரைக் கூப்பிட்டு இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். காரணம் தொல்காப்பியர் என்று சொல்ல எனக்கு அப்போது துருக்கி போதவில்லை.

வல்லினமும் உண்டு. சில மெய்கள் முன்னால் இருந்தால் ‘தெ’ அழுத்தமாக ஒலிக்கும். நம்ம எழுத்தில் அந்த வித்தியாசம் தெரியாது. ‘பந்து’வில் வரும் து, ‘பத்து’வில் வரும் து, அந்த வித்தியாசம்தான். நாம் கசடதபற என்று மனப்பாடம் செய்வது போல அவர்கள் பள்ளியில் ‘ஃபிஸ்திக்ச்சி ஷஹாப்’ என்று மனப்பாடம் செய்கிறார்கள். அழுத்தும் மெய்கள் எட்டும் அதற்குள் இருக்கின்றன. அர்த்தம், பிஸ்தா வியாபாரி ஷஹாப். ‘ஃபிஸ்திக்’ பிஸ்தா, ‘ச்சி’ என்பது நம்ம ‘காரர்’. வேலை ‘இஷ்’, வேலைக்காரர் ‘இஷ்ச்சி’. பழைய ஆபீஸ்களில் பணப்பொறுப்பாளரைக் கஜாஞ்சி என்பார்களே, அந்தச் சொல்லின் வாலில் ஒட்டியிருப்பதும் இதே துருக்கி ‘ச்சி’தான், பாரசீகம், உருது வழியாக நம்ம ஊர் வரை வந்தது.

இன்னொன்று, இரண்டாம் வேற்றுமை. "கிதாப் ஒகுதும்", புத்தகம் படித்தேன். "கிதாபு ஒகுதும்", அந்தக் குறிப்பிட்ட புத்தகத்தைப் படித்தேன். நாமும் ‘டீ குடிச்சேன்’ என்போம், ‘டீயைக் குடிச்சுட்டேன்’ என்றால் அது தனி. இங்கிலீஷ் கிளாஸில் ‘த’ எங்கே போடணும்னு எத்தனையோ தடவை திட்டு வாங்கியிருக்கேன். அந்த வேலையில் பாதியைத் தமிழில் ஒரு ‘ஐ’ பார்த்துக்கொண்டிருந்தது என்று எனக்கு யாரும் சொல்லலை.

அப்புறம் வார், யோக், தெயில். இருக்கு, இல்லை, அல்ல. "சாய் வார் மி?" டீ இருக்கா? "யோக்." இல்லை. இது உப்பு அல்ல என்றால் யோக் வராது, தெயில் வரணும். நாம் பேச்சில் அல்லவை எப்பவோ தூக்கிப் போட்டுட்டோம், எல்லாத்துக்கும் ‘இல்ல’தான். நான் சர்க்கரை டப்பாவைக் காட்டி "துஸ் யோக்" என்றேன். நான் சொல்ல வந்தது ‘இது உப்பு இல்ல’. அவர்களுக்குக் கேட்டது ‘உப்பு தீர்ந்துபோச்சு’. யாரோ ஓடிப்போய் உப்பு கொண்டுவந்தார்கள். தமிழில் நான் மறந்திருந்த ‘அல்ல’வைத் துருக்கியில் போய் மீட்டேன்.

ஆண்பால் பெண்பால் சுத்தமாகக் கிடையாது. அவன், அவள், அது எல்லாம் ‘ஓ’. ஒரு நாள் காலை உஸ்தா கவலையாக "ஓ புகூன் சாலிஷ்மியோர்" என்றார். ‘அவர் இன்னைக்கு வேலை செய்யலை’. யாருக்கோ உடம்பு சரியில்லை போல என்று நானும் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, ஆறுதல் சொல்லும் "கெச்மிஷ் ஒல்சுன்" என்பதைச் சொன்னேன். ‘கடந்ததாகட்டும்’ என்று அர்த்தம், நோயாளிகளிடம் சொல்வது. அவர் சொன்னது பதினாலாம் நம்பர் தறியை. கூடமே சிரித்தது. அதுக்கப்புறம் அந்தத் தறி நின்றாலே யாராவது என்னைப் பார்த்து "கெச்மிஷ் ஒல்சுன்" என்பார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்த விகுதி ‘மிஷ்’. ஒரு நாள் பாவு நூல் ஒன்று அறுந்து கிடந்தது. நான் போய் "இப்லிக் கொப்து" என்று ரிப்போர்ட் பண்ணினேன். நூல் அறுந்தது. உஸ்தா என்னை ஒரு மாதிரி பார்த்து, "கொர்தூன் மூ?" என்றார். பார்த்தியா? இல்லை, நான் வந்தபோதே அறுந்துதான் கிடந்தது. "அப்போ கொப்முஷ்" என்று திருத்தினார். கண்ணால் பார்த்ததற்குத் ‘தி’. பார்க்கவில்லை, யாரோ சொன்னார்கள், அல்லது தடயத்தை வைத்து ஊகித்தேன் என்றால் ‘மிஷ்’. நாம் ‘வந்தானாம்’ என்று ஆம் போடுகிறோம், அது கேள்விப்பட்டதற்கு. ஊகத்துக்கு ‘அறுந்திருக்கு’ என்போம். அவர்களுக்கு இரண்டுக்கும் சேர்த்து ஒரே மிஷ். யோசிச்சுப் பாருங்க, ஒவ்வொரு ஃபால்ட் ரிப்போர்ட்டிலும் இதை நீ பார்த்தியா ஊகிச்சியா என்று வினைச்சொல்லே சொல்லிவிடுகிறது. நம்ம லேப் ரெக்கார்டுகளில் முக்கால்வாசி ரீடிங் மிஷ்தான் என்று சொன்னால் யாரும் கோபப்பட மாட்டீங்கன்னு நம்புறேன்.

சரி, அந்த ‘எ’.

கேன்டீனில் ஒரு அக்கா. அங்கே ‘அப்லா’. அக்காவை மட்டுமில்லை, மூத்த பெண் யாரையும் அப்படிக் கூப்பிடலாம், நம்ம மாதிரியே. நான் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை என்று தெரிந்ததும் தினமும் எனக்கு மட்டும் பருப்பு சூப்பை ஒரு கரண்டி கூடுதலாக ஊற்றுவார். ஆறாவது வாரம் வியாழக்கிழமை, ஞாயிறு வீட்டுக்கு வா என்றார். எனக்கோ திங்கட்கிழமை காலேஜுக்கு மிட்-டெர்ம் ரிப்போர்ட் அனுப்பியாகணும். ‘வர முடியும்’ எனக்குத் தெரியும்: கெலெபிலிரிம். கெல், அப்புறம் எ, அப்புறம் ‘பில்’. பில் என்றால் தெரி, அறி. ‘வரத் தெரியும்’ என்கிற மாதிரி. ‘வர முடியாது’ என்றால் மெ சேர்க்கணும், அவ்வளவுதானே? எதிர்மறையில் அந்த பில் காணாமல் போய்விடும், எ மட்டும் நிற்கும் என்பது புத்தகத்தில் அடுத்த பக்கத்தில் இருந்தது. நான் பில்லோடு சேர்த்து எ-வையும் தூக்கிவிட்டேன். கெலெமெம் என்று சொல்ல வேண்டிய இடத்தில், புன்னகையோடு, "கெல்மெம் அப்லா" என்றேன்.

கெல்மெம். வரமாட்டேன்.

அவர் கரண்டியைப் பாத்திரத்துக்குள் வைத்தார். "தமாம்" என்றார். சரி. அதுக்குமேல் ஒண்ணும் சொல்லலை. வெள்ளிக்கிழமை சூப்பு எல்லாருக்கும் ஊற்றுகிற அளவுக்கே வந்தது. சனிக்கிழமை அவர் என் பக்கம் பார்க்கவே இல்லை. எனக்குக் காரணம் புரியவில்லை. கடைசியில் உஸ்தாதான் தறிச் சத்தத்துக்கு நடுவில் காதுக்குப் பக்கத்தில் வந்து, "அவங்ககிட்ட என்ன சொன்னே?" என்று கேட்டார். சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு, விரலால் காற்றில் ஒரு ‘எ’ எழுதிக் காட்டினார்.

இதுல இன்னொரு விஷயம் எனக்கு உறுத்தியது. இங்கிலீஷில் தப்பாய்ப் பேசினால் எதிரில் இருப்பவர், பாவம், மொழி தெரியாத ஆள் என்று உடனே முடிவு கட்டிவிடுவார். என் துருக்கியோ தமிழ் வரிசையிலேயே ஓடியதால் சரளமாகக் கேட்டிருக்கிறது. தப்பு பண்ணுகிற ஆள் மாதிரி நான் பேசவில்லை. அதனால் அவர் அதைத் தப்பு என்றே நினைக்கவில்லை, திமிர் என்று நினைத்துவிட்டார். சுலபமாக வந்த மொழியில்தான் இந்த ஆபத்து.

சனிக்கிழமை ஷிஃப்ட் முடியும் நேரம் கேன்டீன் வாசலில் போய் நின்றேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். வேலை செய்பவரைப் பார்த்தால் அங்கே "கொலாய் கெல்சின்" என்று சொல்வது மரியாதை, ‘சுலபமாக வரட்டும்’. நம்ம ‘அட்டும்’தான் அந்த ‘சின்’. சொன்னேன். அப்புறம் மனப்பாடம் பண்ணிவந்ததைச் சொன்னேன்: "கெல்மெம் தெயில், அப்லா. கெலெமெம்." வரமாட்டேன் அல்ல, அக்கா. வர முடியாது. அவர் கையை ஈரத்தோடு அப்படியே நிறுத்தினார். பிறகு சிரித்த சிரிப்பில் உள்ளே இருந்த ரெண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். "ரிப்போர்ட் மிப்போர்ட் எல்லாம் ராத்திரி எழுதிக்கலாம், நாளைக்கு வா" என்றார். ஆமாம், புத்தகம் கித்தகம் என்கிறோமே, அங்கே கி-க்குப் பதில் மி: கிதாப் மிதாப், சாய் மாய்.

போனேன். ரிப்போர்ட் அரைகுறையாகத்தான் போனது. கைடு என்ன சொன்னார் என்பது வேற கட்டுரை.

அந்த வீட்டில் ஒரு பாட்டியம்மா இருந்தார், அப்லாவின் அம்மா. அவரை ‘தெய்ஸே’ என்று கூப்பிடச் சொன்னார்கள். அம்மாவின் சகோதரி, அதாவது நம்ம பெரியம்மா சித்தி. அப்பாவின் சகோதரிக்கு வேற பேர், ‘ஹாலா’, அத்தை. மாமாவுக்கு ஒரு சொல், சித்தப்பாவுக்கு ஒரு சொல். எல்லாரையும் ‘ஆன்ட்டி அங்கிள்’ என்று ஒரே கூடையில் போடாத இன்னொரு மொழி. சாப்பிட்டு முடித்ததும் பேரக் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அவர் கதை சொல்ல ஆரம்பித்தார். "பிர் வார்முஷ், பிர் யோக்முஷ்." ஒன்று இருந்ததாம், ஒன்று இல்லையாம். அங்கே எல்லா நாட்டுப்புறக் கதையும் இப்படித்தான் தொடங்கும். அதே மிஷ். எங்க ஆத்தா தறிக்குழியில் கால் தொங்கப்போட்டுக்கொண்டு ‘ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தாராம்’ என்று ஆரம்பிக்குமே, அதே ஆம். கதையில் பாதி எனக்குப் புரியவில்லை. குழந்தைக்கு முன்னாடி நான் தூங்கிவிட்டேன். எழுந்ததும் "உயுமுஷும்" என்றேன். தூங்கிட்டேன் போலிருக்கு. தன் தூக்கத்தைத் தானே பார்க்க முடியாது இல்லையா, அதனால் அங்கேயும் மிஷ் வரணும். தெய்ஸே என் கன்னத்தைக் கிள்ளினார். ஆறு வாரத்தில் ஒருத்தரும் திருத்தாமல் நான் சரியாகச் சொன்ன மிஷ் அது.

கடைசி நாள் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு கிளம்பினேன். கிளம்புபவர் ‘ஹோஷ்சா கால்’ என்பார், இருப்பவர் ‘கூலெ கூலெ’ என்பார். ‘சிரித்துச் சிரித்து’ என்று பொருள், சிரிச்சுக்கிட்டே போய் வா. எல்லாரிடமும் அதையே சொன்னேன். அப்லாவிடம் வந்தபோது மட்டும் வாய் சொந்தமாக வேலை செய்தது. போறேன்னு சொல்லக்கூடாது என்று சின்ன வயசிலிருந்து வீட்டில் தலையில் குட்டி வளர்த்திருக்காங்களே. ‘போய்ட்டு வர்றேன்’ என்பதை அப்படியே சொல்லுக்குச் சொல் மாற்றினேன். "கிதிப் கெலெஜெயிம், அப்லா."

இலக்கணம் பக்கா. பகுதி, இடைநிலை, விகுதி எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. ஆனா அங்கே அது விடைபெறும் வார்த்தை இல்லை. போய்விட்டுத் திரும்பி வருவேன் என்ற நேரடித் தகவல்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு, ரொம்ப சீரியஸாகக் கேட்டார்: "நெ ஸமான்?"

எப்போ?

சென்னிமலையில் எங்க ஆத்தா உட்பட யாரும் என்னை இந்தக் கேள்வி கேட்டதில்லை. அடுத்த ஜூலைன்னு வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன். இப்போ பிப்ரவரி. போன வாரம் மெசேஜ் அனுப்பியிருந்தார், எந்த வாரம் என்று. பாஸ்போர்ட் வார். காசு யோக்.